இரவல் ரோமம்

ஞாயிறு பூசைக்கு முன் தந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான்
வாங்கிப் போனான் லீன்ஹார்ட்.
மரநாய்த் தோல் காலர். பதினோரு தோல்கள்,
தையல் என் கை.
கண்ணாடி, சவரக்கார வோல்ஃப்லினிடம் இரவல்.
பலகை, மாதா கோயில் வேலையில் மிஞ்சியது.
அவனுடையது என்று சொல்ல
மூக்கு ஒன்றுதான், அதுவும் கோணல்.

பாசலில் ஓவியனுக்கும் சேணம் தைப்பவனுக்கும் ஒரே சங்கம்,
ஒரே பந்தி, செத்தால் போர்த்த ஒரே துணி.
புனிதரின் அங்கிக்கு நீலம் எவ்வளவு, பொன் எவ்வளவு,
எடை போட்டு ஒப்பந்தம் எழுதுவார்கள்.
கைக்கு?
வழக்கம்போல்.

மரநாய் அணிய யார் யாருக்கு உரிமை என்று
நகர மன்றம் வருடாவருடம் படித்துக் காட்டும்.
அவன் ஆட்டுத்தோலோடு நிற்க வேண்டியவன்.

காலர் திங்களன்று வந்தது.
இடது ஓரத்தில் ஈய வெள்ளை, ஒரு சொட்டு.
சண்டை பிடிக்கத்தான் போனேன்.

ஈரம் காயாமல் சுவரில் சாய்ந்திருந்தான்.
அதே கோணல் மூக்கு. ஆனால் பார்வை?
கடன் கேட்டு வாசலில் நின்றபோது
தரையைப் பார்த்தவன்தானே இவன்?
பலகையில் நேரே பார்த்தான்,
நான்தான் அவனிடம் கடன்பட்டவள் போல.
கழுத்தைச் சுற்றி என் ரோமம்.
அவசரத்தில் நான் விட்ட ஒரு தையல்,
அதைக்கூட விடவில்லை பாவி.

பேச்சு பரவி, மன்றத்து எழுத்தர் வந்தார்
அபராதச் சீட்டோடு.
"மரநாய் அணிந்திருக்கிறாய்."
"நானா?" தன் கம்பளிச் சட்டையை இழுத்துக் காட்டினான்.
"அதில்."
"அதில் இருப்பது எண்ணெய், கரி, கொஞ்சம் செம்மண், ஐயா."
எழுத்தர் தொட்டுப் பார்த்தார்.
ரோமம் படியவில்லை. விரல் பழுப்பானது.
சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினார்,
என்னை ஒருமுறை பார்த்தார்,
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு:
"என்னை எழுத எத்தனை குல்டன்?"

அன்று லீன்ஹார்ட் நீலத்தின் விலையைச் சொல்லவில்லை.
கையின் விலையைச் சொன்னான்.
எழுத்தர் இருமினார்.
நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்:
ஆறு காலர்.

காலரை மூன்றாம் கோடையில் அந்துப்பூச்சி தின்றது.
படத்தில் ஒரு முடி உதிரவில்லை.
இப்போது அவன் கடை ரைன் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
வாசலுக்கு எதிரிலேயே அதை மாட்டியிருக்கிறான்.
ஈய வெள்ளைச் சொட்டுக்கு எனக்கு வர வேண்டிய
நான்கு பாட்ஸனைக் கேட்கப் போவேன்.
கதவு திறக்கும்.
என் காலருக்கு மேலே அந்தக் கண்.
என்னையறியாமல்
தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வருவேன்.