அறுபது வரி

டண்டீயில் மழை ஞாயிறு.
கையிலிருப்பது ரப்பர் விசைப் பெட்டி,
நாற்பத்தெட்டு கே, அசெம்ப்ளர் இரண்டு.

மடிக்கணினியில் ஓடுவது
கண்ணிமைக்குமுன் முடித்து
பதினேழாம் வரி தப்பென்று
வங்கிக் குமாஸ்தா குரலில் சொல்லும்.

கேசட்டில் இருப்பது
ஏறவே நான்கு நிமிடம் கிறீச்சிடும்.
மோராக் சுவரைத் தட்டுவாள்.
ஏறினாலோ,
சமையற்காரரே அடுப்படி முழுக்க நின்றால்
நான் எங்கே உலை வைப்பது?
ஒரு தாவல் பிசகினால்
நிரலும் போச்சு, அசெம்ப்ளரும் போச்சு,
வெள்ளைத் திரை.

புத்தியுள்ளவள் மடிக்கணினியை எடுப்பாள்.
எடுத்தேன்.

கேசட்டை அழிக்குமுன் கடைசிவரை ஓடவிட்டேன்.
அசெம்ப்ளருக்குப் பின்னால்
யாரோ எழுதிய அறுபது வரி:
ஒரு பந்து இடமிருந்து வலம் போகிறது.
திரும்பி வர இன்னும் எழுதவில்லை.

அந்த வரிகளைப் பழையதுதான் படிக்கும்.
மோராக்குக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்துவிட்டு
மறுபடி கிறீச்சிடவிட்டேன்.