இடப்பக்கம்

வால்டிவியாவில் மழை நிற்குமென்று யாரும் காத்திருப்பதில்லை.
தகரக் கூரைக்கடியில் மீன் வெட்டுகிறேன்.
தலையும் குடலும் பின்னால் ஆற்றுக்கு.
அங்கே கடற்சிங்கங்கள்
வசூலுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருக்கும்.

மில்லாராய் எண்ணுவாள்.
"நாலு, அப்பா."
ஏழு கிடந்தன.
ஆறு வயதாகிறது, எண்ணத் தெரியாதா என்று அதட்டினேன்.
மறுநாளும் நாலு.
கதவு நிலையில் இடிப்பது எப்போதும் இடது தோள்.
எல்லாவற்றுக்கும் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருந்தேன்.

கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார்.
பிறகு விரலை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தவர்
பாதியில் பேச்சை நிறுத்தினார்.

சாந்தியாகோவுக்கு இரவு முழுக்கப் பஸ்.
படத்தில், பார்வை போகும் பாதையில்
பிளம் பழமளவு ஒரு வெள்ளை.
"அரிதான கட்டி. தரம் குறைந்தது,"
என்றார் டாக்டர் ஓயார்சுன்.
சந்தையில் அந்தச் சொல்லுக்கு அழுகல் என்று பொருள்.
இங்கே அதுதான் நல்ல செய்தியாம்.
மெதுவாக வளருமாம்.

வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன்.
இருபது வருடம் கத்தி பிடித்த கை,
காங்ரியோவின் நடுமுள்ளைச் சதை சிதறாமல் உருவிவிடும்.
அவர் என் கையைப் பார்த்தார், சிரிக்கவில்லை.
"இதில் முள் வேறு சதை வேறாக இல்லை.
அவள் எதனால் பார்க்கிறாளோ
அதற்குள்ளேயே இருக்கிறது."

ஆக, வாரம் ஒரு ஊசி, எழுபது வாரம்.
வின்பிளாஸ்டின்.
பெயரை அவள் சரியாகச் சொல்வாள், நான் திக்குவேன்.
வெள்ளையணு குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்,
அந்தச் செவ்வாய் கணக்கில் சேராது.
எழுபது நீண்டு தொண்ணூற்று மூன்றாயிற்று.
முடி கொட்டவில்லை. அதனாலேயே
பள்ளியில் பலர் நம்பவில்லை.

மூன்று மாதத்துக்கொரு படம்.
கொஞ்சம் பெரிது.
அப்படியே இருக்கிறது.
அப்படியே இருக்கிறது.
அந்த இரண்டாவது "அப்படியே"வுக்கு
ஒரு குடுவை ஆப்பிள் சிச்சா வாங்கி
பக்கத்துக் கடைக்காரி எட்டெல்வினாவுக்கும் ஊற்றினேன்.
எதற்கென்று கேட்டாள்.
ஒன்றும் ஆகவில்லை, அதற்குத்தான் என்றேன்.

போன பார்வை திரும்பாது,
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

மருந்து முடிந்து இன்று ஐந்தாம் நாள்.
ரப்பர் பூட்ஸோடு வந்து கம்பியைப் பிடித்து நிற்கிறாள்.
"நாலு."
கத்தியைத் துடைக்கிறேன். வாய் திறக்கவில்லை.
கழுத்தைத் திருப்புகிறாள்,
அவளுக்கு இல்லாத அந்தப் பக்கமாக,
தாடை தோளைத் தொடும்வரை.
"இரு, இரு. அஞ்சு. ஆறு.
ஒண்ணு தண்ணிக்குள்ள இருக்கே,
அதையும் சேர்க்கணுமா?"