உத்ராட ராத்திரி

போனில் வந்த குரல்
முதலில் கேட்டது:
"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"
"ஆம்பளை அங்க கவுந்து கிடக்கான்னுதானே
கூப்பிட்டீங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் சாரல் மட்டும் கேட்டது.
பிறகு இடம் சொன்னான்:
கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில்,
பூ லாரி.

கிரேன் அவர் வாங்கியது.
கடன் என் பேரில்.
சொல்லாமல் அவர் கிளம்பிய அன்று
பேட்டரி இறங்கிக் கிடந்தது;
அதனால் இது மட்டும் மிஞ்சியது.

தவணைக்கு வந்த பைனான்ஸ்காரன்
சாவியைக் கேட்டான்.
திருகிக் காட்டினேன்.
வண்டி நகர்ந்தது, பின்பக்கமாக,
அவன் பைக்கின் மேல்.
அதுதான் என் முதல் ஓட்டம்.
பைக்குக்கும் சேர்த்துக் கட்டி முடித்தேன்.

"சேலை வின்ச்சில் சிக்கும்" என்றார்கள்
செங்கோட்டை ஸ்டாண்டில்.
உண்மைதான், சிக்கியது.
அன்றிலிருந்து தம்பியின் பழைய காக்கி.
அம்மா ஏழு மாதம் பேசவில்லை.

வளைவில்
ஆறு சக்கரமும் ஆகாயம் பார்க்க அது கிடந்தது.
கேந்தியும் வாடாமல்லியும்
முழங்கால் உயரத்துக்கு.
விடிந்தால் திருவோணம்.
கொல்லத்து வாசல்களுக்குப் போக வேண்டிய கோலத்தை
தார் ரோடு முந்திக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன்.
பெல்ட்டை அடிச்சட்டத்தில் சுற்றினேன்.
கம்பிக் கயிற்றின் மேல் காது இருக்க வேண்டும்:
முனகினால் இழுக்கலாம்,
பாடினால் நிறுத்திவிட வேண்டும்,
அறுந்தால் அது ஆள் பார்க்காது.
இருபது பேர் இருபது விதமாகக் கத்தினார்கள்.
நான் கயிற்றைத்தான் கேட்டேன்.

நாலு மணிக்கு
நனைந்த எருமை மாதிரி
உதறிக்கொண்டு எழுந்து நின்றது லாரி.
அழுதுகொண்டிருந்த டிரைவர்
ஓடிப்போய் அதன் கதவைத் தொட்டுப் பார்த்தான்.

பூ முதலாளி, வாடகைக்குப் பதில்
ரெண்டு மூட்டை எடுத்துக்கோ என்றார்.
"பூவை வச்சு டீசல் போட முடியாதுண்ணே.
ஒன்பதாயிரம்."

ஆரியங்காவு போலீஸ்காரர்
குடைக்குள் படிவம் நிரப்பினார்.
பேர் பெரியபிராட்டி. கேட்டு எழுதினார்.
தொழில் என்ற இடத்தில்
கேட்காமலே எழுதினார்: வீட்டம்மா.
"வெட்டுங்க சாரே."
"பின்னே எந்தா எழுதண்டே?"
நானும் யோசித்தேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
"கிடக்கிறதை நிமித்துறவ."
அதற்கு மலையாளத்தில் ஒரு சொல் தேடி
பேனாவைக் கடித்தபடி நின்றார்.
படிவத்தில் மழை ஒழுகியது.
எனக்குக் கீழே, புளியரையில்,
இன்னொரு வண்டி காத்திருந்தது.

கொக்கியில் ஒரு கேந்தி
மூன்று நாள் மாட்டிக் கிடந்தது.
கிரீஸ் வைக்கும்போது விழுந்தது.