மீசை உள்ளே

சைக்கிளைச் சுவரில் சாய்த்து
பிரேமுக்குள் அட்டை வைத்துக் கோடிழுத்தேன்.
முக்கோணம் என்று நினைத்தது;
ஹேண்டில்பார் பக்கம் ஒரு மூலை கூடியது.

துணி, யாரோ ஒருவரின் கல்யாண பிளெக்ஸ்.
மாப்பிள்ளை மீசை உள்பக்கம் போக
வெள்ளை வெளியே.
ஜிப்பு பழைய சூட்கேஸினது.
ஊசி மூன்று உடைந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து பணகுடி வரை
முழங்கால் உரசவில்லை.
பிறகு காற்று.
காற்றாலைகளைச் சுற்றவிட்டது போதாதென்று
பையை உப்பவைத்து
அடித்தையலைப் பிரித்தது.
அவல் பூராவும் ரோட்டில்.

கூட்டப்புளியில் வலை பொத்திக்கொண்டிருந்த சேசடிமை
பையை உள்வெளியாகப் புரட்டினார்.
"யாருடே இந்த மீசை?"
"தெரியாதுண்ணே."
நைலான் நூலைப் பல்லால் கடித்து
மாப்பிள்ளை உதட்டின் மேலேயே
முடிச்சுப் போட்டார்.

இனி பிரியாது.
மழையில் ஒழுகும்,
அந்த ஓட்டைகள் வழியாகத்தான்.
அவலை டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.