கடந்த ஏழு நாட்களில்

பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்கில்
இலக்கம் நாற்பத்தாறு நான்.
மிஸ்ஸி ஒரு தாள் தந்தார்.
பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்:
மிக அதிகம், அதிகம், கொஞ்சம், இல்லவே இல்லை.
எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது:
கடந்த ஏழு நாட்களில்.

பதினொரு வருசம் என்று எழுத
அதில் இடமில்லை.

அரிப்பு?
அதிகத்துக்குப் புள்ளடி போட்டேன்.
மிக அதிகத்தை மார்கழிக்கு வைத்திருக்கிறேன்.

உடுப்புத் தெரிவதில் தோல் குறுக்கிட்டதா?
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
புடைவைக் கடையில் வேலை எனக்கு.
முன்பெல்லாம் புதுச்சேலையை உதறி
என் தோளிலேயே போட்டுக் காட்டுவேன்.
வந்தவர்கள் என்னில் தங்களைப் பார்த்துவிட்டு
பேரம் பேசத் தொடங்குவார்கள்.
முழங்கையில் முதல் வட்டம் வந்த மாதம்
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்.
ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கி வைத்தார்.
எனக்கு மேல்மாடி ஸ்டோர்,
கணக்குக் கொப்பி, முழுக்கைச் சட்டை.
பொம்மைக்கு வியர்ப்பதில்லை.

வெளியே போக, ஆட்களோடு பழகச் சிரமமா?
நூறாம் நம்பர் பஸ்ஸில்
சனம் நெரிகிற மாலை நேரம்.
பக்கத்தில் இருந்த பிள்ளை
என் மணிக்கட்டைப் பார்த்துத் தாயிடம் கேட்டது:
அம்மே, ஏக்க போவெனவத?
தாய் பதில் சொல்லாமல்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றார்.
பம்பலப்பிட்டி வரைக்கும்
அந்த சீட்டில் யாரும் இருக்கவில்லை.
தொத்தாது என்று சொல்ல
எனக்கு இரண்டு மொழியும் தெரியும்.
ஏனோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சையால் எவ்வளவு இடைஞ்சல்?
செவ்வாய்க்குச் செவ்வாய் ஆறு மஞ்சள் குளிசை.
புதன் முழுக்க வாய்க்குள் தகரம்.
மாதம் ஒருக்கா ஈரலை விசாரிக்க இரத்தம்.
போன முறை மருந்து யன்னலில்
"முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ."
பொரளையில் விலை கேட்டேன்.
அந்தக் கிழமை மீன் இல்லை.
திங்கள், புதன், வெள்ளி ஒளிப்பெட்டி;
மூன்று அரைநாள் சம்பளம்.

கறுப்புக் கண்ணாடி மட்டும் அணிந்து
ஊதாக் குழல்களின் நடுவில் நிற்பது.
முதல் நாள் முப்பது செக்கன்,
இப்போது இரண்டு நிமிடம் பத்து.
இந்த ஊரில் அவ்வளவு நேரம்
கண்ணை எடுக்காமல் என்னைப் பார்ப்பது
அந்தப் பெட்டி ஒன்றுதான்.

பத்துக் கேள்வியிலும் முதுகு இல்லை.

வெள்ளவத்தை அறையில் நான் தனி.
முதுகின் நடுவில் கை எட்டாத ஒரு சாண்.
தார்க்களிம்பை அகப்பைக் காம்பில் எடுத்து
கண்ணாடிக்கு முதுகு காட்டிப் பூசுவேன்.
பாதி கதவில் ஒட்டும்.
வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்
கதவில் என்ன மணம் என்று.

வெள்ளிக்கிழமை ஒளி முடிந்து
திரைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும்போது
அகப்பைக் காம்பை ருக்மலி கண்டுவிட்டாள்.
லொத்தர் விற்கிறவள், உள்ளங்கை இரண்டும் வெடித்தவள்.
அவள் கையால் நீட்டினால் யாரும் வாங்குவதில்லையாம்;
தட்டியிலிருந்து தாங்களே பிய்த்தெடுப்பார்களாம்.
அதிர்ஷ்டம் மட்டும் என்னில் இருந்து
யாருக்கும் தொத்தமாட்டுது என்று சிரித்தாள்.
பிறகு காம்பைப் பறித்து என் பையில் போட்டுவிட்டு
ஹெரென்ன என்றாள்.
திரும்பினேன்.

சொரசொரத்த கை.
எரிந்தது.
கொஞ்சம் மெதுவாக என்று சொல்ல வாய் எடுத்து
சொல்லாமல் விட்டேன்.

டொக்டர் தாளைக் கூட்டிப் பார்த்தார்.
பதினேழு. போன முறை இருபத்திரண்டு.
நல்லம், எது வேலை செய்யுது என்று நினைக்கிறீங்கள்,
குளிசையா, ஒளியா?
வெள்ளிக்கிழமை, என்றேன்.
பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
பிறகு கிளினிக் கொப்பியில்
ஒளி, தொடரவும் என்று எழுதினார்.

வெளியே மிஸ்ஸி நாற்பத்தேழைக் கூப்பிட்டார்.
ஒரு பொடியன் எழும்பி வந்தான்,
இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் வைத்தபடி.