பத்து நாள் சீட்டு

மணியாச்சியில் இறக்கினார்கள்.
கோலாரிலிருந்து என்றதும்
வரிசை என்னைவிட்டு இரண்டு முழம் விலகியது.
டாக்டர் கக்கத்தில் விரல் வைத்து அமுக்கினார்,
தொடையிடுக்கில் அமுக்கினார்.
மூட்டையை அப்படியே ஆவியில் வேகவைத்ததில்
தங்கைக்கு எடுத்த சேலையின் சாயம்
என் வேட்டியெல்லாம் ஏறிவிட்டது.

பெயர் ஏசுவடியான். ஊர் வீரவநல்லூர்ப் பக்கம்.
பத்து நாள், விடிந்ததும்
கிராம முன்சீப் முன்னால் நிற்கவும்
என்றது மஞ்சள் சீட்டு.

முதல் நாளே வியர்த்துவிட்டது
முன்சீப் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு.
தொட்டுப் பார் என்கிறது சர்க்கார்.
தொட்டால் ஆற்றில் முங்கிவிட்டு வா என்கிறது வீடு.
யோசித்து யோசித்து
ஒரு பூவரசங்கம்பு ஒடித்துவரச் சொன்னார்,
என்னையே.
நுனியால் கக்கத்தைக் குத்திப் பார்த்து
'நெறி இல்லை' என்று எழுதினார்.
கூச்சத்தில் நான் சிரித்துத் தொலைத்தேன்.

நாலாம் நாள் கல்யாணம்.
கோவிலுக்குள் விடவில்லை.
ரோஸ் நிற வேட்டியோடு புளியமரத்தடியில் நின்று
பாமாலை மட்டும் கேட்டேன்;
இரண்டாம் சரணத்தில் யாரோ சுருதி தப்பினார்கள்.

ஏழாம் நாள்
நெல்குதிருக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கு என்று
உள்ளேயிருந்து ஒரு குரல்.
பிள்ளை என்னைப் பார்த்தார்.
அந்த எலி எந்த ரயிலில் வந்ததோ,
அதற்குச் சீட்டு கொடுத்தது யாரோ.

எட்டாம் நாள் கதவு திறக்கவில்லை.
ஒன்பதாம் நாளும்.

பத்தாம் நாள் ஜன்னலுக்கு உள்ளே பிள்ளை,
காய்ச்சலில் கண் சிவந்து,
சட்டையில்லாமல், ஒரு கையைத் தூக்கியபடி.
"ஏசுவடியா, நீ அங்கே நிறையப் பார்த்திருப்பே.
இது அதுதானா?
கொஞ்சம் தொட்டுச் சொல்லுப்பா."

பூவரசங்கம்பு
வாசல்படியோரம்
சாத்தினபடியே இருந்தது.