கெண்டியின் எடை

மோசுலில் முற்றுகையின் ஐந்தாம் மாதம்.
மதிலுக்கு அப்பால் யாருடைய குதிரைகள் கனைக்கின்றன என்று
இப்போது எவரும் கேட்பதில்லை.
குதிரை என்றாலே இறைச்சிதான் நினைவில் வருகிறது.

நான் வெள்ளி நிறுப்பவன். பெயர் கைமாஸ்.
செவ்வாய்தோறும் ஸுமுர்ருத் வருவாள்,
முக்காட்டு நுனியில் முடிந்த துணுக்குகளோடு.
ஆணியால் நெம்பியவை.
ஓரங்களில் கருங்கீல் ஒட்டியிருக்கும்.

முதலில் வந்தது ஒரு வேட்டைநாயின் பின்னங்கால்.
இரண்டு பார்லிமணி எடை.
கொடுத்தது இரண்டு பிடி பார்லி.
அப்புறம் ஓர் அலிஃப்.
அதன் உச்சியில் மனிதத் தலை,
என் நகத்தில் பாதிகூட இல்லை,
அதற்கும் தலைப்பாகை.

"எந்தச் சொல்லில் இருந்தது?"
"எனக்குப் படிக்கத் தெரியாது. கழுத்தைச் சுற்றி ஓடுகிறது."
எனக்குத் தெரியும்.
எல்லாக் கெண்டிகளும் அதையேதான் சொல்லும்:
இதை உடையவருக்குப் புகழ், வளம், நீண்ட ஆயுள்.
வளத்தை ஒரே மாதத்தில் விற்றுத் தீர்த்தாள்.

பசியில் தூக்கம் வராது.
வந்த துணுக்குகளை வைத்து
நான் பார்த்திராத கெண்டியை இருட்டில் செய்துகொண்டிருப்பேன்.
நாய்க்கு முன்னால் ஒரு முயலை ஓடவிட்டேன்.
ஊத் மீட்டும் விரல்களுக்கு ஒரு தோட்டம் கொடுத்தேன்.
வட்டமாய் ஒரு முகம் வந்தபோது
நிலா என்று மூக்கிற்கு மேலே பதித்தேன்.
விடிந்தால் எல்லாம் மூசைக்குள்.
நாய், நிலா, அலிஃப்,
ஒரே குமிழ்.

எட்டாம் மாதம் வெறும் கெண்டியையே தூக்கி வந்தாள்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வெள்ளி போன பள்ளங்கள், உளி கொத்திய சொரசொரப்பு.
நாய் யாரையும் துரத்தவில்லை.
ஊத்காரியின் காலடியில் படுத்திருந்தது.
ஓடுவதாய் நான் நினைத்த கால்
சோம்பல் முறிக்க நீட்டிய கால்.
முயல் எங்குமே இல்லை.
நிலா, கடிவாளம் பிடித்து நிற்கும் ஒரு பையனின் முகம்,
அதுவும் அடிப்பக்கத்தில்.

கழுத்தைத் தடவினேன். விரலுக்கு வாசிக்க முடிந்தது.
புகழ். வளம். நீண்ட ஆயுள்.
வாய்விட்டுச் சொன்னேன்.
"பித்தளைக்கு எவ்வளவு?" என்றாள்.

தராசில் ஏற்றி எடையைச் சொன்னேன், ஒரு மணியும் குறைக்காமல்.
பித்தளையை வாங்க ஆளில்லை என்பதையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
தண்ணீர் மொள்ளவாவது ஆகும் என்று
கைப்பிடியைப் பற்றிக் கிளம்பினாள்.

ஆயுளின் கடைசி எழுத்தில்
ஒரு நூல் வெள்ளி மிச்சமிருந்தது.
பார்த்தேன், சொல்லவில்லை.
சொன்னால் வாங்க வேண்டும்.
என்னிடம் பார்லி இல்லை.